சாவித்துளை

நான் பூட்டுத் திறப்பவள்.
ஓல்டன்பர்கில் நள்ளிரவில்
சாத்திக்கொண்ட கதவுக்கு வெளியே
ஒற்றைச் செருப்போடு யாராவது நின்றால்
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
எண்பது யூரோ. ஞாயிறென்றால் நூற்றிருபது.

இந்த வீட்டை வாங்கியபோது
முன்புறம் முழுக்கச் சாம்பல் சரளை,
நடுவில் முடிதிருத்திவிட்ட மாதிரி
ஓர் உருண்டைப் புதர்.
"பராமரிப்பே தேவையில்லை" என்றார் விற்றவர்.
உண்மைதான்.
செத்ததற்கு என்ன பராமரிப்பு.

சரளைக்குக் கீழே கறுப்புத் துணி.
கத்தியால் கீறி மடித்தேன்.
நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டின் வாடை,
எனக்குப் பழகிய வாடை.
ஒரு மண்புழுகூட இல்லை.

நான்கு டன் கல்.
வாசலில் 'இலவசம்' என்று அட்டை மாட்டினேன்.
யாரும் தொடவில்லை.
மழையில் எழுத்து கரைந்த பிறகு
ஒரே இரவில் பாதியைக் காணோம்.
மீதியை மூலையில் குவித்தேன்,
தேரைக்கு ஆகட்டும்.

தாளில் கோடு போட்டுத்தான் தொடங்கினேன்:
இங்கே முள்வேலிச் செடி, அங்கே ஐவி,
மேற்கில் உளுத்த கட்டைகளின் அடுக்கு,
குடிக்க வருபவர் ஏறி வெளியேற
ஒரு பக்கம் சரிந்த தொட்டி,
தெற்கே ஒரு முழம் வெறும் மண்,
ஈரமாக, எதுவும் நடாமல்.

பக்கத்து வீட்டு ஹெர் ஓக்கன்
வேலிக்கு மேலாக அந்த ஒரு முழத்தைப் பார்த்து
"இங்கே என்ன வரும், வீப்கே?" என்றார்.
தெரியாது என்றேன்.
அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

முதல் வருஷம் வந்தது நத்தை.
நத்தை, அசுவினி, மறுபடி நத்தை.
ஓக்கனின் ரோபோ இரவெல்லாம் புல்லை மழித்தது.
என் பின்புறப் புல்லை நானும் மழித்தேன்,
சனிக்கிழமைகளில், யாருக்கோ பயந்து.

இரண்டாம் ஏப்ரலில்
கொட்டகையைத் திறக்கப் போனால்
சாவி நுழையவில்லை.
குனிந்து பார்த்தேன். துளை நிறைய மண்.
தெருப் பிள்ளைகளைத் திட்டி முடிப்பதற்குள்
அவள் வந்தாள்:
செம்பழுப்பு மயிர், அடிவயிற்றில் மகரந்தம்.
போனாள், மீண்டாள்.
இம்முறை வாயில்
என் வெறும் மண்ணிலிருந்து ஓர் உருண்டை.
கொத்தனார்த் தேனீ.

ராணி இல்லை, படை இல்லை.
ஒரு பிடி சோறு, ஒரு முட்டை, ஒரு சுவர்.
மறுபடி சோறு.

ஏழு லீவர் வரை எனக்குக் கைவந்த வேலை.
ஊசி, வளைகம்பி, துரப்பணம்
எல்லாம் வண்டியில் இருக்கின்றன.
இதைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகாது.

புல்வெட்டும் எந்திரம் கொட்டகைக்குள்.
மே மாதம் புல் கணுக்கால் அளவு,
ஜூனில் முழங்கால்.
நான் வாங்காத, பெயர் தெரியாத நீலம் ஒன்று
அதற்குள்ளிருந்து தலைநீட்டியது.

ஓக்கன் வந்தார், தன் பழைய எந்திரத்தை இரவல் தர.
சாவித்துளையைக் காட்டினேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வங்கிப் பத்திரம் படிப்பதுபோலப் படித்தார்.
"அதுவும் பூட்டுக்காரி வீட்டில்" என்றார்.
சிரிக்காமல் போய்விட்டார்.
அந்த வாரத்திலிருந்து அவர் ரோபோ
இருட்டிய பின் ஓடுவதில்லை.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
முள்ளெலி வந்ததா என்றால்,
என் பக்கம் இன்னும் இல்லை.

ஜனவரியில், யாருக்கோ கதவு திறந்துவிட்டு
மூன்று மணிக்குத் திரும்பும்போது
டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
மண் அப்படியே இருக்கும்.
திறக்காமல் விட்ட கதவுக்கு
யாரிடம் கட்டணம் கேட்பது?

மார்ச் கடைசியில்
மண் சுவரில் பென்சில் பருமனுக்கு ஓர் ஓட்டை,
உள்ளிருந்து போட்டது.
முதலில் ஆண்கள்,
முகத்தில் வெள்ளை மயிரோடு,
வெயிலில் என்ன செய்வதென்று தெரியாமல்.

எல்லோரும் போன பிறகு சாவியைத் திருப்பினேன்.
நறநறவென்று திறந்தது.
அன்றே ஓக் கட்டையில் துளைகள் போட்டேன்,
எட்டு மில்லிமீட்டர், நாற்பது,
பிசிறு தேய்த்து, தெற்கு பார்க்க மாட்டினேன்.
நல்ல வேலை; நானே குடிபோகலாம்.

ஒருத்தி வந்தாள்.
நாற்பதையும் சுற்றிப் பார்த்தாள்.
நேரே போய்ச் சாவித்துளைக்குள் நுழைந்தாள்.

எந்திரத்தை முந்தின நாளே
வெளியே எடுத்து வைத்திருக்கலாம்தான்.