எட்டு மில்லி நொடி

சம்பள வெள்ளி. மாலை ஏழு.
ஊருக்குப் பணம் அனுப்பும் எங்கள் பதினெட்டுக் கிளைகளிலும்
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
பாயான் லெப்பாஸிலிருந்து அஞ்சுகம் கூப்பிட்டாள்:
"அக்கா, முன்னால் நாற்பது பேர்.
ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு கொட்டாவி விடுகிறது உங்கள் பெட்டி."

கொட்டாவி இல்லை, அஞ்சுகம்.
அது காத்திருக்கிறது.
ஒரு வரி எழுதி, வட்டில் அழுத்தி,
அதே வரியைக் கோலாலம்பூரிலுள்ள தன் இரட்டைக்கு அனுப்பி,
"வந்து சேர்ந்தது" என்று அங்கிருந்து ஒரு சொல் திரும்பும்வரை
முடிந்தது என்று யாரிடமும் சொல்லாது.
போக நாலு, வர நாலு.
நீ ஒருமுறை இமைப்பதற்குள்
பத்துப் பதினைந்து தடவை போய்வந்துவிடும்.
ஆனால் வாசல் ஒன்று.
ஒருவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே.

சூன் ஹுவாட் என் மேசையோரம் வந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"பதிலுக்கு ஏன் நிற்கவேண்டும்?
பின்னால் மெல்லப் போய்ச் சேரட்டுமே."

மூன்று வருடத்துக்கு முன் அப்படித்தான் விட்டோம்.
இடி இறங்கிய இரவு, பினாங்குப் பெட்டி செத்தது.
கோலாலம்பூர் எழுந்து பொறுப்பேற்றது,
பதினொரு வரி குறைவாக.
ஒரு வரி அப்துல் மொமினுடையது. எழுநூற்று இருபது வெள்ளி.
மறுநாள் ரசீதோடு வந்தார்.
தாளில் எங்கள் முத்திரை, எங்கள் எண்.
எங்கள் பேரேட்டில் அவர் கடைக்கு வரவே இல்லை.
எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள்.
அவர் அழவில்லை.
நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.
கொடுத்தோம்.
மற்றவர்களில் இரண்டு பேர் கேட்டு வரவேயில்லை.
யாரென்று எங்களுக்கு இன்னும் தெரியாது.

"முடியாது" என்றேன் சூன் ஹுவாட்டிடம்.

தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருகிறவள் நான்.
ஒற்றை மோட்டார் சைக்கிளுக்காக அது கிளம்பியதில்லை.
ஹெல்மெட்டோடு ஓடிவரும் நாலு பேருக்காகக்
கொஞ்சம் பொறுக்கும். பிறகுதான் கரையை விடும்.
எத்தனை பேர் ஏறினாலும் கடப்பது ஒரு தடவை.

அதைத்தான் பெட்டிக்குச் சொன்னேன்:
முதல் வரி வந்ததும் ஓடாதே.
இருநூறு மைக்ரோ நொடி நில்.
வந்தவரையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டு.
ஒரு அழுத்தல், ஒரு பயணம், ஒரு பதில்.

அங்கே இன்னொரு முடிச்சு.
வந்த மூட்டைகளை இரட்டை ஒற்றைக் கையால் பிரித்து
முதலில் வந்தது முதலில் என்று எழுதி
ஏழு நிமிடம் பின்தங்கிக் கிடந்தது.
இன்றைய கணக்கில் நேற்றைய வாசனை என்று ஹஸ்னிசா திட்டினாள்.
மொமின் பணத்துக்கும் காத்தையன் பணத்துக்கும் என்ன உறவு?
யார் முந்தினால் யாருக்கு நஷ்டம்?
எட்டுக் கை கொடுத்தேன்.
ஒரே கணக்கில் இரண்டு வரி வந்தால் மட்டும்
மூத்தது முன்னே.

எட்டு மில்லி நொடி அப்படியேதான் இருக்கிறது.
ஈப்போ வழியாகக் கேபிள் வளைந்து போகிற தூரம் அது,
என்னால் சுருக்க முடியாது.

அஞ்சுகம் மறுபடி கூப்பிடவில்லை.
பத்து மணிக்கு நானே அழைத்தேன்.
"பூட்டியாச்சு அக்கா, மீ கோரெங் சாப்பிடுகிறோம்.
என்ன வேணும்?"
ஒன்றுமில்லை, காலையில் பார்ப்போம் என்றேன்.
வாயில் மீயோடு ஏதோ சொன்னாள்.
"என்ன?"
"சரி என்றேன், அக்கா."
அதைக் கேட்டபிறகே வைத்தேன்.