ஒண்ணும் ஆகாது

மார்ச் மாதம் அப்படித்தான் சொன்னேன்.
அல்சூர் பஜார் தெரு. கடைமுன் ஏழு பேர்.
ஃபோனில் ஸ்டாக்கிஸ்ட் கத்திக்கொண்டிருக்க,
கொழுப்பு மாத்திரைப் பட்டையைக் காக்கி உறையில் தள்ளி
"ராத்திரி ஒண்ணு. ஒண்ணும் ஆகாது" என்றேன்
அமலதாஸிடம்.

அவர் கேட்டிருந்தது
"இதத் தின்னா என்ன ஆகும் மேடம்?"

இருபத்தாறு வருடம் சிலிண்டர் சுமந்த தோள்.
நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட்.
ஓய்வெடு என்று சொன்ன வாரங்கள் முடிந்த மறுநாளே
வண்டியில் ஏறிவிட்டார்.

ஜூனில் வந்து
கண்ணாடி மேல் பட்டையை வைத்தார்.
ஆறு குழி காலி, நாலு அப்படியே.
"தொடையை ஈரத்துணி மாதிரி முறுக்குது,
ரெண்டு காலும்.
பன்னெண்டு நாளா நிறுத்திட்டேன்.
நீங்க ஒண்ணும் ஆகாதுன்னீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்
பதில் இருந்திருக்கும் என்னிடம்.

பத்துப் பட்டை கொண்ட பெட்டிக்கு
ஒரே ஒரு தாள் வரும், எட்டாய் மடித்து.
ஒற்றைப் பட்டை வாங்குகிறவர் கைக்கு
அது போவதே இல்லை.
பெட்டியோடு சேர்த்து நான்தான் குப்பையில் போடுகிறேன்
பதினோரு வருடமாக.
அன்று விரித்தேன்.
கடுகைவிடப் பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்.

குளுக்கோஸ் பெட்டி மேல் உட்கார வைத்தேன்.
சிலருக்குச் சதை வலிக்கும், பலருக்கு வலிக்காது,
வலித்தால் அது மனப்பிரமை இல்லை.
மாத்திரையாலும் இருக்கலாம், வேலையாலும் இருக்கலாம்,
டாக்டர் ரத்தம் பார்த்துச் சொல்லட்டும்.
சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் போனால்,
உடம்பு துவண்டால்,
விடியட்டும் என்று படுக்காதீர்கள்,
அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.
சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.
வேறு டாக்டர் காய்ச்சலுக்கு எழுதினாலும்
இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.
ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள் அண்ணா,
உள்ளே படிகிறது லீவு போடாது.

கேட்டுவிட்டுச் சிரித்தார்.
"இதெல்லாம் அன்னிக்கே சொன்னா
பயந்து தின்ன மாட்டேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம். அதைத்தான் நினைத்தேன்.
கியூவையும் நினைத்தேன், அது வேறு.

"வலிக்கும்னு தெரிஞ்சிருந்தா
வலிச்சப்ப உங்ககிட்ட வந்திருப்பேன்.
தெரியாததால நானே நிறுத்திட்டேன்."

அவர் பேசுவது தமிழ், படிப்பது கன்னடம்.
உறையின் முதுகில்
கன்னட எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தேன்.
கொழுப்பு என்ற இடத்தில் ழ-வுக்கு வழியில்லை,
ள போட்டேன். அவருக்குப் புரிந்தது.
டீ கிளாஸ் ஒன்று வரைந்து கறுப்பாக்கினேன்.

சனிக்கிழமை ரிப்போர்ட்டோடு வந்தார்.
சதைக் கணக்கு சரியாக இருக்கிறதாம்.
டாக்டர் திட்டவில்லை, அளவைப் பாதியாக்கி
ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.
"அப்ப வலி எங்கிருந்து?"
ஏரிக்கரைப் பக்கம் கை காட்டினார்.
புது அபார்ட்மென்ட், நாலு மாடி,
லிஃப்ட் கதவில் ஒரு போர்டு:
சிலிண்டர் ஏற்றக் கூடாது.
"ரெண்டுமா இருக்கலாம்னாரு டாக்டர்.
மாத்திரைய பாதியாக்கிட்டாரு.
படிய யாரு பாதியாக்குவா?"

எந்தத் தாளிலும் அது அச்சாகவில்லை.

இன்று மழை.
அம்மாவின் சீட்டோடு ஒரு பெண்,
கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை,
கண் ஃபோனில்.
அதே மாத்திரை.
"சைட் எஃபெக்ட் ஒண்ணும் இல்லல்ல?"

அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர்.
யாரோ நாணயத்தால் கண்ணாடியைத் தட்டுகிறார்.
பட்டையை உறையில் போடாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு
"இருக்கலாம்" என்று ஆரம்பிக்கிறேன்.

தட்டுகிற சத்தம் கூடுகிறது.
அவள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்குகிறாள்.