கூடுதல் தாள்

முதல் மனு திரும்பி வந்துவிட்டது.
குன்னூர் அலுவலகத்தின் ஊதா முத்திரை,
பக்கத்தில் பேனாவால் இரண்டே சொல்:
விவரம் போதாது.

நான் எழுதியிருந்தது ஒரு வரிதான்.
பொம்பளை என்பதால் சூப்பர்வைசர் வேலை தரவில்லை.
போதும் என்று நினைத்தேன்.
பதினாறு வருஷம் நெஞ்சில் கிடந்ததை
இறக்கிவைத்த மூச்சு அதிலேயே இருந்தது.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மா
கெட்டவர் இல்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
எந்தத் தேதி? யார் சொன்னது? என்ன வார்த்தை?
உங்களுக்குத் தராததை யாருக்குத் தந்தார்கள்?
அவருக்கு எத்தனை வருஷம்?
'கோபத்தை எழுதாதீங்க. நடந்ததை எழுதுங்க.'

கட்டபெட்டு ஃபாக்டரியில்
தூள் சலிக்கும் அறை என்னுடையது.
எது மேலே நிற்கும், எது கீழே விழும்,
நார் தனியே, டஸ்ட் தனியே.
இந்தப் படிவமும் ஒரு சல்லடைதான்.
சரி, சலிக்கிறேன்.
எனக்குச் சலித்துப்போனது வேறு கணக்கு,
அதற்குக் கட்டம் இல்லை.

பெயர்: இருதயமேரி. டோக்கன் நாற்பத்தேழு.
தேதி: மே பதினாலு, செவ்வாய்.
எப்படித் தெரியும் என்றால்,
அன்றைக்கு மெஷின் பெல்ட் அறுந்து
மூன்று லாரி பச்சை இலை
வெளியே சூடேறிக் கிடந்தது.
சாயங்காலம் குழுவில் தவணை கட்டினேன்,
நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது.
நேரம்: காலை பத்தே முக்கால், முதல் டீக்குப் பிறகு.
இடம்: மேனேஜர் அறை. கதவு திறந்திருந்தது.
சொன்னவர்: மேனேஜர் சம்பத்குமார்.
சொன்னது, அவர் வாயில் வந்தபடியே:
'ராத்திரி ஷிப்டு பார்க்கணும் மேரி,
பொம்பளைக்கு ஒத்துவராது.'

ஒத்துவராத ராத்திரிகளை
விரல்விட்டு எண்ணினேன்.
போன சீசனில் மட்டும் இருபத்துமூன்று.
வருகைப் பதிவேட்டில்
என் கோணல் எழுத்து இருக்கும்.
பக்கம் எண் தெரியாது.
தேயிலைச் சாயம் பட்ட பக்கங்களைப் பார்க்கவும்.

ஒப்பிட வேண்டிய நபர்: லோகேசன்.
நாலு வருஷ சர்வீஸ்.
எட்டாம் நம்பர் வலைக்கும் பத்தாம் நம்பருக்கும்
என்ன வித்தியாசம் என்று
இப்போதும் என்னிடம்தான் வந்து கேட்கிறான்.
அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை
என்று எழுதி, அடித்துவிட்டேன்.
அது நடந்த விஷயம் இல்லை.

சாட்சி: பேக்கிங் சுல்தானா.
துடைப்பத்தோடு வாசலில் நின்றாள், எல்லாம் கேட்டாள்.
அன்றைக்கே 'என் பேரைப் போடுக்கா' என்றாள்.
மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து
கோத்தகிரி வரும்வரை வாய் திறக்கவில்லை.
இறங்கும்போது,
'பொண்ணு நர்ஸிங் சேர்ந்திருக்காக்கா.'
அந்தக் கட்டத்தில் இப்படி எழுதினேன்:
இருந்தார். கூப்பிட்டால் வருவாரா, தெரியாது.

நாற்காலியை எங்கே எழுதுவது?
மேனேஜர் மேஜைக்கு எதிரே ஒன்று உண்டு.
லோகேசன் உட்கார்ந்து பேசினான், அவனே சொன்னான்.
நான் போனபோது அதில் சாம்பிள் டின்கள்.
அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.
ஆறு நிமிஷம் நின்றே பேசினேன்.
இதெல்லாம் ஒரு விவரமா என்று
இரண்டு ராத்திரி யோசித்து
கடைசித் தாளில் சேர்த்தேன்:
நாற்காலி ஒன்று. டின் நாலு.

தபால் ஆபீஸில் பகலிலேயே டியூப்லைட்,
கண்ணாடிக்கு வெளியே மஞ்சு.
உறையைத் தராசில் வைத்த தம்பி
முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
'எடை கூட இருக்குக்கா, இன்னும் காசு ஆகும்.
என்ன வெச்சிருக்கீங்க உள்ளே?'
'விவரம்' என்றேன்.

சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு
ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று.