திங்கட்கிழமை எடுத்துவிடவும்

இரவு ஒன்றே முக்காலுக்கு நாச்சிமுத்துவின் போன்:
"ஏனுங் சிஸ்டம், மெசின் ஊமையாட்ட நிக்குதுங்.
உப்புப் போட்டாச்சு. சோடா எவ்வளவுன்னு
கேட்டுக்கிட்டே நிக்குது.
அறுநூறு கிலோ நேவி, உள்ள வெந்துட்டு இருக்குதுங்."

சிஸ்டம் என்றால் நான்.
சம்பளப் பட்டியலில் தமயந்தி.

அருள்புரம் வரைக்கும் ஸ்கூட்டரில்.
எதிரே பனியன் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று,
அப்புறம் யாருமில்லை.
பாய்லர் சத்தத்துக்குப் பின்னால்
கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை.
திருப்பூரில் அங்கே மட்டும்
வருடம் முழுக்க மார்கழி.

சாயக் கணக்கு வைத்திருக்கும் சர்வருக்கு
நொய்யல் என்று பெயர்.
வைத்தவர் சென்னியப்பன்,
எனக்கு முன்னால் இந்த நாற்காலி,
பிறகு இரண்டாயிரம் கூடுதலுக்குப் பெருந்துறை.
சனிக்கிழமை பழைய பெட்டியை இறக்கிவிட்டுப்
புதியதில் நொய்யலைக் குடிவைத்தேன்.
முகவரியின் வால் பதினொன்று போய் அறுபது.
டிஎன்எஸ்ஸில் எழுதிவிட்டேன்,
ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரி.

பிங் அடித்தேன்.
இருக்கிறேன், இருக்கிறேன் என்று
நொடிக்கொரு பதில்.
இருக்கிறதுதான்.
இருப்பது யார் என்று பிங்குக்கு என்ன கவலை?

பதில் சொன்ன எண் பதினொன்று.
கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால்
கேன்டீன் வாசலில்
ஞாயிறு மதியம் மாட்டிய விரல்ரேகைப் பெட்டி.
எண் காலியாக இருக்கிறதென்று
யாரோ தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.
ஆக, முக்கால் மணி நேரமாய்
ஒரு சாய மெஷின்
சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று
சோடா எவ்வளவு, சோடா எவ்வளவு என்று கேட்டிருக்கிறது.
விரலை வை என்றுகூட
அது சொல்லவில்லை.

மெஷினை ஓட்டும் கணினியில் ரூட்டாக நுழைந்தேன்.
பெயர் ஒன்றைக் கொடுத்தால் யாரைக் கேட்பது என்று
அதற்கொரு வரிசை உண்டு.
முதலில் மடியில் இருக்கும் கோப்பு.
அதில் இல்லாவிட்டால்தான் வெளியாள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு, ஆறே வரி.
முதல் வரி 127.0.0.1, லோக்கல்ஹோஸ்ட்:
தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ள.
வலையே இல்லாத இயந்திரத்துக்கும்
அந்த ஒரு வரி இருக்கும்.
அதன் கீழே,

# தற்காலிகம். திங்கட்கிழமை எடுத்துவிடவும். - செ.
192.168.4.11   நொய்யல்

கோப்பைக் கடைசியாகத் தொட்டு மூன்று வருடம்.
எந்தத் திங்கட்கிழமை என்று எழுதவில்லை.
மணி பார்த்தேன், இரண்டு பத்து.
ஞாயிறு முடிந்திருந்தது.

சரிங்க சென்னியப்பன்.

அழிக்கவில்லை. வரிக்கு முன்னால் ஒரு #.
இனி எங்கள் கண்ணில் படும்,
மெஷின் காதில் விழாது.
அறுபது என்று கீழே எழுதவும் இல்லை.
எழுதினால் இன்னொரு ஞாயிறு ராத்திரி
இன்னொருத்தி ஸ்கூட்டர் எடுக்க வேண்டும்.

நொய்யல் எங்கே என்று கேட்டேன்.
கோப்பு வாய் திறக்கவில்லை.
வெளியே போய்க் கேட்டுக்கொண்டு வந்தது: அறுபது.

மெஷின் அப்போதும் ஊமை.
நிரல் பழைய எண்ணையே
மனசில் வைத்திருந்திருக்கிறது.
நிறுத்தி எழுப்பினேன்.
குழாய் ஒரு தரம் விக்கியது.
சோடா இறங்கியது.

துணி நுனியை வெளியே இழுத்து
விளக்கில் காட்டிக்கொண்டிருந்தார் ஆப்பரேட்டர்.
ஒடிசாக்காரர். எல்லோருக்கும் ராஜா.
கேன்டீன் பெட்டிக்கு 417.
"உங்க பேரு என்னங்க?"
"ராஜா" என்றார், பழக்கத்தில்.
துணியைத் திருப்பிப் பிடித்தார்.
"திபாகர்."

ஒரு முகவரிக்கு எத்தனை பெயரும் எழுதலாம்,
அதே வரியில், பக்கத்தில் பக்கத்தில்.
முதலில் வருவதுதான் பெயர்.
மீதியெல்லாம் கூப்பிடுவதற்கு.

"ஆனதுங்களா சிஸ்டம்?"
"ஆச்சுங்க" என்றேன்.

நேவி அரை ஷேட் கருத்துவிட்டதாகத் திபாகர் சொல்கிறார்.
நாச்சிமுத்து இல்லை என்கிறார்.
விடிந்ததும் வெளிச்சத்தில் பார்க்கலாம்.