இரண்டு விரல்

கொழுந்து மலையில் மட்டம் பார்க்கும் கம்பு அது.
செடிமேல் கிடத்தினால்
அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கிள்ளலாம்.
தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
அதைச் சுவரோடு நிறுத்தி
டிலக்ஷியின் காலை அளந்தேன்.
செருப்பைக் கழற்று. முதுகை ஒட்டு. சிரிக்காதே.
கவட்டிலிருந்து குதிகால் வரைக்கும்.
வீட்டுக்காரரின் கவ்வாத்துக் கத்தியால்
கம்பில் ஒரு வெட்டு.

சைக்கிளுக்கு வயசு பார்க்கக் கூடாதாம்,
கால் பார்க்கணுமாம்.
கொழும்பில் கடையில் நிற்கும் கொழுந்தன் மகன்
போனில் சொன்னான்.
"கையையும் பாருங்க பெரியம்மா, பிரேக் எட்டணும்.
நம்ம ரோட்டுக்கு அதுதான் முக்கியம்."
சம்பளத் துண்டைத் திருப்பிப் போட்டு
அவள் கையை விரித்துவைத்து வரைந்துகொண்டேன்.
முன்பக்கம் பிடித்தம் போக மீதி.
பின்பக்கம் ஐந்து விரல்.

நான் கட்டிய சீட்டு விழுந்தது ஐப்பசியில்.

வெள்ளைக் கவுனைப் பெரிதாக வாங்கி
அடியை மடித்துத் தைக்கலாம்.
சப்பாத்து முனையில் பஞ்சு வைக்கலாம்.
இதுவரை நான் வாங்கியதெல்லாம்
அடுத்த வருஷத்து டிலக்ஷிக்கு.
இந்த வருஷத்தவள் அதற்குள்ளே
தடுக்கித் தடுக்கி நடந்துகொள்வாள்.
சைக்கிளில் எங்கே பஞ்சு வைப்பது?

கடைக்குப் போகிற அன்று விடியற்காலை
தூங்குகிறவளின் கம்பளிக்குள் கம்பை நீட்டினேன்.
வெட்டுக்கு மேலே இரண்டு விரல்.
ஒன்பது மாதம் நான் பணம் சேர்த்தேன்,
அவள் கால் சேர்த்திருக்கிறாள்.
கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்த
இவள் என்ன தேயிலையா?

"கம்புக்கும் டிக்கட் எடுக்கணும்" என்றான்
தலவாக்கலை பஸ்ஸில் கண்டக்டர்.
சிரிக்க எனக்கு நேரமில்லை.
மடியில் காசு இருந்தது.

ரிஃப்கான் முதலாளி இருபத்து நாலை இறக்கினார்.
"இத எடுங்க அக்கா. ரெண்டு மாசம் தடுமாறுவா,
பொறகு மூணு வருஷத்துக்கு யோசிக்கத் தேவல்ல."
அந்த ரெண்டு மாசத்தை அவள் எங்கே தடுமாறுவாள்?
டிவிசனிலிருந்து ரோடு இறங்குவதில்லை, விழுகிறது.
கோயில் வளைவில் கொழுந்து லொறி
ஹோன் அடிக்காமல் ஏறி வரும்.

கம்பை நடுக்கம்பியோடு நிறுத்திப் பார்த்தேன்.
வெட்டு எட்டவில்லை.
இரண்டு விரல் கூட்டினேன், அப்போதும் எட்டவில்லை.
காகிதக் கையை ஹேண்டிலில் வைத்தேன்.
பிரேக் தூரத்தில் நின்றது.
இருபதில் வைத்தபோது
காகிதத்தின் நடுவிரல் மடிந்து பிரேக்கைப் பிடித்தது.
அதுவும் தை மாதத்து விரல்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு சைஸ் இல்லையா?"
"கம்பனிக்காரன் செய்யல்லயே அக்கா."

பிறகு என்ன நினைத்தாரோ,
இருபதின் ஸீட்டுக்கு அடியில் திருகைத் தளர்த்தி
தூக்கிக் காட்டினார்.
கம்பி வந்தது, வந்துகொண்டே இருந்தது,
ஒரு கோடு தெரிந்ததும் நிறுத்தினார்.
"இதுக்கு மேல ஏத்த வேணாம்."
குழாய்க்குள் ஒளிந்திருந்தது
எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை வருஷம்.
அதைத்தான் வாங்கினேன்.

"சின்னப் பிள்ளை சைக்கிள் மாதிரி இருக்கு"
என்றாள் டிலக்ஷி.
முகம் மூன்று நாள் நேராகவில்லை.
நாலாம் நாள் கோயில் வளைவில்
குறுக்கே வந்த நாய்க்கு ஒரு முழம் முன்னால்
இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றாள்.
அதை என்னிடம் அவள் சொல்லவில்லை.
கடைக்குப் போன சுமதிமலர் பார்த்திருக்கிறாள்.

பத்தாம் நம்பர் மலையில்
கம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார் கங்காணி.
"என்னம்மா இது, வெட்டு?"
"எலி கடிச்சிருச்சு" என்றேன்.
செடிமேல் கிடத்திக்
கம்புக்கு மேலே வளர்ந்ததைக் கிள்ளினேன்.
கீழே, பனிக்குள் எங்கோ, ஒரு பெல் சத்தம்.
பள்ளிக்கூடத்து மணியாகவும் இருக்கலாம்.