முதலில் நீளம்

ரெஜைனாவில் மைனஸ் முப்பத்தொன்று.
ஆல்பர்ட் தெரு விளக்கடியில் பனி விழுவதாகத் தெரியவில்லை,
நின்றுகொண்டிருக்கிறது.
ஆலங்கட்டிக் காப்பீட்டு அலுவலகம், நான்காம் மாடி.
என்னோடு விழித்திருப்பவை
ஒரு காப்பி இயந்திரமும்
ஆகஸ்டில் கோதுமையைப் பறிகொடுத்த ஒருவருக்கு
இன்னும் போய்ச்சேராத காசோலையும்.

பெயர் டெர்மட் ஓ'ஷே.
ஓ-வுக்கும் ஷே-வுக்கும் நடுவே தொங்கும்
அந்த ஒற்றைக் குறிதான் வினை.
பாராமீட்டரை மேற்கோளுக்குள் வைத்து அனுப்ப வேண்டும்,
திறக்க ஒன்று, மூட ஒன்று.
பெயருக்குள் இருந்ததையே மூடுகுறி என்று நினைத்து
'ஓ'வோடு கதவைச் சாத்திவிட்டது மெயின்பிரேம்.
மிச்ச மனிதர் வெளியே, குளிரில்.
1:52. வேலை ஓடவில்லை.

மருந்து தெரிந்ததுதான்:
குறியை இரண்டாகப் போடு.
ஒன்றைத் தான் விழுங்கிக்கொண்டு
மற்றதை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுக்கும்.
(தானியத் தரகர்களைப் பற்றியும் இதையேதான் சொல்வாள்
பகல் ஷிப்ட் லவீனியா.)

நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
எனக்குப் பிடித்தது அதுவல்ல, இது:
நிரலின் வாசலுக்குச் சொல் வருமுன்
அதன் நீளம் வருகிறது, இரண்டு பைட்டில்.
இத்தனை எழுத்து வருகிறது, தயாராயிரு.
பிறகுதான் சொல்.

கைபேசியும் அப்படியே.
டாரஸ், என் தம்பி.
கனோராவில் அப்பாவின் நிலத்தைக் கூறுபோட்டதிலிருந்து
ஆறு வருடம், பேச்சு இல்லை.
மதிப்பு எதுவும் வராதபோது
முன்பே யாரோ எழுதிவைத்த மதிப்பு போய் உட்காரும்.
அவன் இடத்தில் நான் எழுதிவைத்திருந்தது: கோபம்.
நள்ளிரவுக்குச் சற்று முன் ஒரு குரல் அஞ்சல்.
நீளம், நான்கு விநாடி.

நான்கு விநாடியில் என்ன சொல்ல முடியும்?
வீடு எரிந்துவிட்டது என்று சொல்லலாம்.
எண் தப்பு என்று சொல்லலாம்.
ஒரிசியா, என்று பெயரை மட்டும் சொல்லலாம்;
நடு அசையை அவன் இழுக்கும் இழுப்புக்கு
இரண்டு விநாடி அதிலேயே போய்விடும்.

வேலையை மறுபடி அனுப்பினேன்.
வரிசையில் முன்னால் பதினேழு.
காத்திருக்கையில் கேட்டேன்.

வண்டியின் இண்டிகேட்டர். டிக், டிக்.
காற்று.
அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் இது.
எதுவுமே அனுப்பாவிட்டால் நீளம் பூஜ்யம்.
நான்கு வெற்றிடங்களை அனுப்பினால்
நீளம் நான்கு.
திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடக்கும்.
உள்ளே இருக்கும் நிரலுக்கு
வித்தியாசம் தெரியும்.

2:40-க்கு ஓ'ஷே உள்ளே போனார், முழுப் பெயரோடு.
திரும்பி வந்தது பூஜ்யம்.
இங்கே பூஜ்யம் என்றால் நலம் என்று பொருள்.

மாடுகளுக்குத் தீனி போட டாரஸ் ஐந்து மணிக்கு எழுவான்.
நிலத்தைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை.
அந்த இண்டிகேட்டர்
எந்தப் பக்கம் திரும்ப?
அதை மட்டும்.