கண்டன்சர் கடன்

சிஜ்ஜீவி ஊரில் திருவிழா.
பட்டப்பகலிலும் வெடி போடுவார்கள் மால்டாவில்.
வெயிலில் பொறி கண்ணுக்குப் படாது,
சத்தம் வரும், பிறகு புகை
அறுத்த பஞ்சுத் தலையணைபோல் தொங்கும்.
மேலே அவ்வளவு நெருப்பு.
என் ஹம்பரின் நாலு பிளக்கில்
ஒன்றிலும் ஒரு பொட்டுப் பொறி இல்லை.

ரபாத் ஏற்றம், ஆகஸ்ட், மூன்று இருபது.
நாலு மணிக்குத் திருப்பலி.
பின் இருக்கையில் மணப்பெண் ரொமில்டா
பதினோரு மீட்டர் துணிக்கு நடுவே
தலை மட்டும் வெளியே வைத்திருந்தாள்.
பக்கத்தில் அவள் அப்பா சல்வு,
கைக்கடிகாரத்தைக் கழற்றி நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தார்.
இருப்பதில் அதுதான் குளிர்ச்சியாம்.

எது என்று எனக்குத் தெரியும்.
கட்டைவிரல் நுனியளவு தகர டப்பி,
அதற்கு ஒரே ஒரு வால்.
மார்ச்சில் ஒன்று மாற்றினேன், மேயில் ஒன்று,
போன சனிக்கிழமை இன்னொன்று.
மூன்றும் புதிது.
பெட்டியின் மேல் எப்போதோ இழுத்து மூடிய
கம்பெனியின் பெயர்.
கம்பெனி செத்தால் என்ன,
பெயரைத் தனியாக விற்கலாம்.

காலைக் குளிரில் சோதித்தால் உத்தமன்.
சூடு ஏறினால் வாக்குமூலம் மாறும்.
நாற்பது நிமிடம் ஆறவிட்டால்
எதுவும் நடக்காத மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வரும்.
இப்படி ஒருவரோடு ஒன்பது வருடம் குடித்தனம் செய்தவள் நான்.
கோபம் வரவில்லை, கணக்குதான் போட்டேன்:
நாற்பது நிமிடம் என்றால் மூன்று அறுபது.

"ஜெனொவேஃபா, டாக்ஸி கூப்பிடு" என்றார் சல்வு.
திருவிழா நாளில் எந்த டாக்ஸி?

அப்போதுதான் கேட்டது.
கல்சுவருக்கு அந்தப் பக்கம்,
சப்பாத்திக்கள்ளிக்குப் பின்னால்,
ஓர் இன்ஜின். விக்கல் இல்லை, இருமல் இல்லை.
இதே வெயில், இதே உப்புக்காற்று,
அது பாட்டுக்கு ஓடுகிறது.

கார் போய் நாற்பது வருடமான
ஃபோர்டு இன்ஜின் அது.
பலகையில் ஆணியடித்துத் தக்காளிக்கு நீர் இறைக்கிறது.
கண்டன்சரில் துரு. பெயர் கிடையாது.
நசரேன் என்கிற அந்த மனிதர்
என் கையிலிருந்த கறுத்த டப்பியைப் பார்த்தார்,
சுவருக்கு மேலே தெரிந்த முக்காட்டைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் இன்ஜினை நிறுத்தினார்.
அந்தத் திடீர் அமைதியில்
வாய்க்கால் கடைசியாக ஒருமுறை விழுங்கியது.
"ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்துவிடு,
தக்காளி அதுவரைதான் தாங்கும்."

தீய்ந்த பிளாட்டினத்தைத் தேய்க்க ஏதாவது?
ரொமில்டா தன் கைப்பையிலிருந்து நகம் ராவும் அரத்தை நீட்டினாள்.
டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழுந்து தொலைவதற்கென்றே பிறந்த
அந்தக் குட்டித் திருகாணியை
வெள்ளைக் கையுறைக்குள் பொத்திக்கொண்டாள்.
நசரேனின் டப்பி உள்ளே அடங்கவில்லை.
வெளியிலேயே, காயிலின் ஓரமாக,
பூச்செண்டின் ரிப்பனை அவிழ்த்துக் கட்டினோம்.

ஒரே சுற்று.
பிடித்துக்கொண்டது.
எஞ்சியிருந்த பெட்ரோல் புகைபோக்கியில் வெடித்தது.
தூரத்தில் யாரோ கைதட்டினார்கள்,
திருவிழா வெடி என்று நினைத்து.

ஒன்பது நிமிடத் தாமதம்.
பாதிரியாரே இன்னும் வந்திருக்கவில்லை.

ஞாயிறு பேருந்தில் போனேன்.
ஒரு பையில் அவருடைய துருப்பிடித்த டப்பி.
இன்னொரு பையில் புதிதாய் வாங்கியது,
மினுமினுக்கும் பெட்டி, ரசீதோடு.
அடுத்த சனிக்கிழமை மொஸ்தாவில் ஒரு கல்யாணம்,
அதற்கடுத்து இரண்டு.
புதியதை அவருக்குக் கொடுத்துவிட்டு
பழையதை நானே வைத்துக்கொள்ளலாம் என்றுதான்
வழி நெடுக ஒத்திகை பார்த்தேன்.

நசரேன் உள்ளங்கையை நீட்டினார்,
விரலிடுக்கெல்லாம் மண்.
தக்காளி இலைகள் அதற்குள் சுருண்டிருந்தன.

எந்தப் பைக்குள் கை போனது என்று
மொஸ்தா பெண்ணிடம் சொல்லவில்லை.
காலையிலேயே கிளம்பிவிடலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்,
வெயில் ஏறுவதற்குள்.